நாலு வருஷ ஒப்பந்தம்

"யாருய்யா இவனுக்கு நாலு வருஷம் எழுதிக் கொடுத்தது?" என்றார் வெண்டல்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். தொலைக்காட்சியில் ஊர் அணி வெளியூரில் தோற்றுக்கொண்டிருந்தது. முதியோர் இல்லத்தின் கூடத்தில் அவரும், பக்கத்து நாற்காலியில் வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்த அந்த உயரமான ஆளும் மட்டும்தான். ஊட்டிவிட வருகிறவன் என்று நினைத்திருந்தார். அவனும் இல்லையென்று சொன்னதில்லை.

இடைவேளையில் கூடைப்பந்து வீரன் மேபெரியைப் பற்றித்தான் பேச்சு. பழைய காட்சியொன்றை ஓட்டினார்கள். மேபெரி மூலையிலிருந்து எறிகிறான். பந்து வளையத்தைக்கூடத் தொடவில்லை. அரங்கமே ஊளையிடுகிறது.

மேபெரி நட்சத்திரம் இல்லை. எதிரணியின் பெரிய ஆட்டக்காரனை மறித்து நிற்பான். பந்து வந்தால் மூலையிலிருந்து எறிவான். ஒரு மே மாதம் எறிந்ததெல்லாம் உள்ளே விழுந்தது. அந்தக் கோடையிலேயே ஒப்பந்தம் போட்டார்கள்.

அடுத்த குளிர்காலத்தில் முழங்கால் போயிற்று.

அவன் சம்பளத்தைச் சுமந்துகொண்டு அணியால் வேறு நல்ல ஆளை எடுக்க முடியவில்லை. அவனை வாங்கிக்கொள்ளவும் ஒருவரும் இல்லை. வெளியூருக்கு வரவேண்டாம், வீட்டிலேயே இரு என்று சொல்லிவிட்டார்களாம். அதைச் சொல்லிவிட்டு வர்ணனையாளர்கள் சிரித்தார்கள்.

வெண்டல் சிரிக்கவில்லை. வார்ப்படத் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்திலிருந்தே இந்த அணியின் ரசிகர் அவர். மறதி வந்து, வீட்டுக்குப் போகும் வழியும் மனைவியின் பெயரும் போன பிறகும், ஆட்டம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

"பேராசை. ரெண்டு வருஷத்தோட நிறுத்தியிருந்தா மரியாதையா போயிருப்பான்."

அந்த ஆள் சூப்பைக் கரண்டியில் எடுத்து, ஊதி, அவர் வாயருகே கொண்டுபோனான்.

"கலிஃபோர்னியாவுல ரெண்டு வருஷத்துக்குத்தான் கூப்பிட்டாங்க. போயிருந்தா அங்க தெனமும் ஆடியிருக்கலாம். ஆனா அப்போதான் அவங்க அப்பாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பிச்சுது. ஊரை விட்டுப் போக அவனுக்கு மனசு வரல."

வெண்டல் சூப்பை விழுங்க மறந்து திரையையே பார்த்தார். அந்தப் பந்து மறுபடியும் வெறுந்தரையில் விழுந்தது. இந்த முறை அவர் திட்டவில்லை.

"அந்த அப்பன் இருக்கானா இன்னும்?"

"இருக்காரு."

"பாவம்யா. பெத்தவன் இதையெல்லாம் எப்படித்தான் பாத்துக்கிட்டிருக்கானோ."

அவருடைய தாடையில் வழிந்ததை அவன் கைக்குட்டையால் ஒற்றியெடுத்தான்.

"ஒரு ஆட்டம் விடமாட்டாரு," என்றான் மேபெரி.