நனையக் கூடாத டிராக்டர்

"ஏய் சந்திரா! மழை புடிச்சிக்கிச்சி பாரு. தார்ப்பாய இழுத்துக் கட்டுனியா இல்லியா?"

கட்டிலில் படுத்தபடியே அப்பாவு போட்ட சத்தத்தில், குன்றத்தூரிலிருந்து அக்காவைப் பார்க்க வந்திருந்த பலராமன் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

"கட்டிட்டேங்க." அடுப்படியிலிருந்து சந்திரம்மாள் குரல் கொடுத்தாள்.

"சைலன்சர் மேல டப்பா கவுத்தியா? தண்ணி உள்ள பூந்துச்சின்னா இஞ்சினே போயிடும்."

"கவுத்துட்டேன்."

"காத்துல ஒரு பக்கம் தூக்கிக்கினு நிக்கிது பாரு. போய் நல்லா கட்டு."

"இதோ போறேங்க."

தட்டில் போட்ட சோற்றை அப்படியே விட்டுவிட்டு, கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவள் கிளம்பினாள். காலையிலிருந்து இது மூன்றாவது முறை.

தொண்ணூற்றொன்றாம் வருஷத்து ஐப்பசி மழை ஒரகடம் பக்கத்தையே ஊறப்போட்டுவிட்டிருந்தது. விடியற்காலையில் மாட்டுக்குத் தீனி, அப்புறம் கழனி வேலை, வந்ததும் நகர முடியாத மனிதனைப் புரட்டித் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி கொடுத்து... உட்கார நேரமில்லாத பிறவி. இதில் ஒரு சின்ன டிராக்டருக்கு வேறு சேவகம் செய்ய வேண்டும்!

கிணற்று மேட்டிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்த அப்பாவு, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாகிறது. ஜன்னலோரம் கட்டில். கொல்லையில் தரைவரை தார்ப்பாய் போர்த்தி நிற்கும் டிராக்டரைப் பார்த்துக்கொண்டே கிடப்பார். எழுந்ததும் முதல் வேலை அதில் ஏறி உட்காருவதுதான் என்று, பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

பலராமனால் பொறுக்க முடியவில்லை.

"மாமா, மெஷின் நனைஞ்சா தொடைச்சிக்கலாம். எங்கக்கா நனைஞ்சா ஜுரத்துல படுத்துடும். உங்களுக்கு வண்டி பெருசா, பொண்டாட்டி பெருசா?"

அப்பாவு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கல்லு மனசு என்று முணுமுணுத்துக்கொண்டே பலராமன் கொல்லைக்குப் போனான். தம்பியைப் பார்த்ததும் சந்திரம்மாள் பதறிவிட்டாள்.

"நீ ஏன்டா வந்த? உள்ள போ, நான் பாத்துக்கறேன்."

"தள்ளுக்கா. ஒரு முடிச்சு போடத் தெரியாதவனா நானு?"

"வேணாம்டா, சொன்னா கேளு..."

அவன் எங்கே கேட்டான்? காற்றில் படபடத்த மூலையைப் பிடித்துத் தூக்கினான்.

உள்ளே டிராக்டர் இல்லை.

உடைந்த மாட்டுவண்டிச் சட்டம் ஒன்று. அதன்மேல் ஏழெட்டு வைக்கோல் கட்டு. சைலன்சர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மூங்கில் கழி, அதன் தலையில் கவிழ்த்த பால் பவுடர் டப்பா.

"சத்தம் போடாதடா." சந்திரம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவரு ஆஸ்பத்திரில கெடந்தப்பவே வித்துட்டேன். ஆபரேஷனுக்கு எனக்கு வேற வழி தெரியல. தண்டலத்துக்காரரு ஒருத்தரு ஓட்டிக்கினு பூட்டாரு."

"எங்க யாருகிட்டயும் நீ சொல்லவே இல்லியேக்கா!"

"சொன்னா அவரு காதுக்குப் போவாதா? மறுபடியும் அதுமேல ஏறணும்னுதான் அந்த வலியிலயும் தெனம் ரெண்டு காலையும் ஆட்டிக்கினு கீறாரு. வண்டி இல்லன்னு தெரிஞ்சா அத்தோட வுட்டுடுவாரு, எழுந்திருக்கவே மாட்டாரு. மழை அடிச்சா இந்த வைக்கோலு அமுங்கி, வண்டி மாதிரியே தெரியறதில்ல. அதான் ஓடி ஓடி வந்து நிமித்தி வெக்கிறேன். ஒடம்பு ஓஞ்சி பூட்ச்சிடா."

சொல்லிக்கொண்டே ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து வைக்கோலைத் தூக்கி நிறுத்தினாள். பலராமன் கயிற்றை இறுக்கிக் கட்டினான். மாட்டைப் பிடித்துக் கட்ட அவள் கொட்டகைப் பக்கம் போக, இவன் தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே வந்தான்.

"பாத்துட்டியா மச்சான்?" என்றார் அப்பாவு.

"எ... எத மாமா?"

"தார்ப்பாய்க்கு அடியில இன்னா கீதுன்னு."

பலராமன் துண்டை உதறிக் கொடியில் போட்டான்.

"மொத மழையிலயே எனக்குத் தெரிஞ்சி போச்சி. பானட் மேல தார்ப்பாய் கெடந்தா மழை தடதடன்னு அடிக்கும். இது பொத்து பொத்துன்னு வுழுவுது. ஆறு வருசம் அந்த வண்டியோட கெடந்தவனுக்கு இது கூடவா தெரியாது?"

"அப்ப... தெனம் காலை ஆட்டுறது?"

"வண்டி கெடக்குது வுடு. அவ படுற பாட்டைப் பாத்தா எழுந்து நடக்காம இருக்க முடியுமாடா?"

பலராமனுக்கு அடங்கியிருந்த கோபம் திரும்பவும் வந்தது. "எல்லாம் தெரிஞ்சும் எதுக்கு மாமா அக்காவ மழையில வெரட்டுறீங்க? சும்மா இருக்கக் கூடாதா?"

அப்பாவு கொல்லைக் கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"நாலு நாளு சும்மா இருந்து பாத்தேன். 'ஏன் வண்டியப் பத்தி ஒரு வார்த்த கேக்க மாட்டேன்றாரு, தெரிஞ்சி போச்சோ'ன்னு சோறு எறங்காம, கண்ண மூடாம, என் மூஞ்சியவே பாத்துக்கினு கெடந்தா. நான் கத்துனாத்தான் மச்சான், அவ நிம்மதியா தூங்குறா."