வாய்விட்டு

கீழுதட்டின் உள்பக்கம் ஊறத் தொடங்கியது.

அவன் பஸ்ஸுக்குள் இருந்தான். பஸ் என்றால் இன்னும் பஸ் ஆகாத பஸ். சீட் இல்லை, கண்ணாடி இல்லை, கூரை பாதிதான். கரூர் பைபாஸ் ஓரத்துப் பட்டறையில் அதற்குப் பாடி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத் தகட்டுக்கு ரிவெட் அடிக்கும் வேலை. அதற்கு இரண்டு ஆள் வேண்டும். வெளியே செம்மலை சுத்தியலால் அடிப்பான். உள்ளே அவன் இரும்புக் கட்டையை வைத்து முட்டுக் கொடுப்பான். நடுவில் தகடு. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

அதனால் ஒன்றும் கெட்டுப்போனதில்லை. மூன்று வருடமாக இருவருக்கும் ஒரே பாஷை. "ம்" என்றால் அடி. "ம்ஹும்" என்றால் நிறுத்து. உதட்டுக்குள் புகையிலையை அடக்கி வைத்திருக்கிறவர்களுக்கு அதற்கு மேல் என்ன பேச்சு வேண்டிக்கிடக்கிறது?

புகையிலையை விட்டு இன்று பதினெட்டாம் நாள். வாய் காலியாக இருந்தது.

இரண்டடி தள்ளி, பின்சக்கரத்து மேட்டில் ஒரு புகையிலைப் பொட்டலம். பலகை அடிக்க வந்தவர் மறந்து வைத்துவிட்டுப் போனது. பிரித்திருந்தது. வாசனை வந்தது.

கை நீட்டினால் போதும்.

விட்டவர்கள் மூன்று பேர். அவன், செம்மலை, பெயிண்டர் இர்ஃபான். யாருக்கும் வயது இருபத்துமூன்றைத் தாண்டவில்லை. பட்டறைக்கு முகாம் போட வந்த பல் டாக்டரம்மா, மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் நுழைத்துப் பார்க்கச் சொன்னார். செம்மலைக்கு மூன்றும் போயின. இர்ஃபானுக்கும் போயின.

அவனுக்கு இரண்டோடு நின்றது.

இப்படியே போட்டால் அடுத்து ஒரு விரல், அதற்கப்புறம் சோற்றைக் கரைத்துக் குடிக்க வேண்டியதுதான் என்றார். ஒளிவுமறைவு இல்லாத டாக்டர். ஆசை வந்தால் ஐந்து நிமிடம்தான் ஆட்டும், யாராவது கூட நின்றால் தாண்டிவிடலாம் என்றும் சொன்னார்.

இர்ஃபான் அன்றைக்கே சட்டம் போட்டான். ஆசை வந்தால் "வருது" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்டவன் கைவேலையைப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் நிற்க வேண்டும்.

நல்ல சட்டம்தான். ஆனால் ஒரு விஷயம் அவர்களுக்குத் தெரியாது.

அவனுக்குத் திக்கும்.

எல்லா எழுத்திலும் அல்ல. 'வ' மட்டும் தொண்டையிலேயே நின்றுவிடும். அவன் பெயரே அந்த எழுத்தில்தான் தொடங்கியது. புகையிலை பழகியதும் அதனால்தான். வாய் நிறைந்தவனை யாரும் பேசச் சொல்வதில்லை. பட்டறையில் அவனை அழுத்தக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பதினேழு நாளும் அவன் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. செம்மலை ஒரு நாளைக்கு நான்கு தடவை சொன்னான். இர்ஃபான் சாப்பாட்டு நேரத்தில்கூடச் சொன்னான். இவனுக்கு மட்டும் ஆசையே வராதாம், சாமியார் என்று இருவரும் ஓட்டினார்கள். சாமியாரோ ஒவ்வொரு தடவையும் குழாயடிக்குப் போய்த் தலையை நனைத்துக்கொண்டு தனியாக நின்று தாண்டினான். பதினேழு நாள் அப்படி நிற்பது லேசுப்பட்ட காரியமில்லை.

இன்று கால் குழாயடிப் பக்கம் நகரவில்லை. கைதான் நகர்ந்தது.

"ம்?" என்றான் செம்மலை, தகட்டுக்கு அந்தப் பக்கமிருந்து. அடிக்கட்டுமா என்று கேட்கிறான்.

அவன் வாயைத் திறந்தான்.

"வ..."

நின்றுவிட்டது.

"வ... வ..."

கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணை இறுக்கிக்கொண்டான்.

வெளியே சுத்தியலைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. செம்மலை சுற்றிவந்து படியில் ஏறினான். இவன் முகத்தைப் பார்த்தான். பொட்டலத்தைப் பார்த்தான். செம்மலையின் கண்ணும் அங்கே ஒரு கணம் தங்கித்தான் திரும்பியது.

பிறகு செம்மலைக்கு விளங்கியது. இவன் அடிக்கடி குழாயடிக்குப் போனது எதற்கென்றும் விளங்கியது.

செம்மலை அந்தச் சொல்லைத் தானே சொல்லி முடித்திருக்கலாம். பள்ளிக்கூட வாத்தியாரிலிருந்து டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர் வரை எல்லோரும் அதைத்தான் செய்திருக்கிறார்கள். செம்மலை செய்யவில்லை. சம்மணம் போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தான்.

"அவசரமில்ல மாப்ள. நிதானமா வரட்டும்."

இர்ஃபான் பெயிண்ட் கையோடு ஜன்னல் சட்டத்துக்கு வந்து நின்றான்.

"வ..."

தலையாட்டினால் போதும். பொட்டலத்தைக் கை காட்டினால் போதும். பழையபடி ஒரு "ம்" போட்டாலும் அவர்களுக்குப் புரியும். அவன் அதில் எதையும் செய்யவில்லை. நெற்றி வியர்வை மூக்கு வழியாக இறங்கியது. மறுபடியும் அதே எழுத்தில் போய் முட்டினான். அந்த முட்டலைப் பார்த்தவர்கள் அதற்கப்புறம் அவனைச் சாமியார் என்று கூப்பிடவில்லை.

எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை.

பிறகு அவன் வாயை மூடினான். நாக்கால் உதட்டின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தான். எச்சிலை விழுங்கினான்.

"போயிருச்சு," என்றான்.

ஒரு திக்கல் இல்லை.

செம்மலை முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்த கைகளை அப்போதுதான் எடுத்தான்.

"எனக்கும்," என்றான்.