வெளியே ஒருவர் அதிகம்

தரவு நம்பகமானது என்று நூலகர் கையெழுத்துப் போட்டால்தான் அந்த ஆய்வு மாணவிக்குப் பட்டம். இன்றுதான் கடைசி நாள். தரவு என்பது வேறொன்றுமில்லை. இதே நூலகத்தின் வாசலில் உள்ள கருவி ஆறு மாதம் எண்ணிய தலைகள். நூலகர் வரிவரியாகச் சரிபார்த்தார். எந்தக் கட்டமும் காலி இல்லை, எந்தத் தேதியும் விடுபடவில்லை. ஆனால் தினமும் உள்ளே வந்தவர்களைவிட வெளியே போனவர்கள் ஒருவர் அதிகம்.

"கருவி கோளாறா இருக்கும்மா."

"மூணு கருவி மாத்தியாச்சு மேடம். நானே வாசல்ல உட்கார்ந்து கோடு போட்டு எண்ணினேன். அப்பவும் ஒண்ணு கூடுது."

"யாரு அந்த ஒண்ணு? பார்க்கலையா?"

"தலையை எண்ணுவேனா, முகத்தைப் பார்ப்பேனா? எனக்கே பைத்தியம் பிடிச்சிடும் போலிருக்கு!"

அவள் போன பிறகும் நூலகர் பட்டியலை விடவில்லை. மூன்றே மூன்று நாட்கள் மட்டும் இரண்டு எண்களும் ஒத்துப்போயின. அந்தத் தேதிகளை எங்கோ பார்த்த ஞாபகம். தன் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். மூன்று நாளும் அவர் லீவு.

ஒன்றும் புரியாமல், ஐந்தரை மணிக்கு விளக்குகளை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற காவலாளி சாவியும் கையுமாகத் திகைத்தார்.

"என்ன மேடம், இப்பத்தானே போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போனீங்க?"

நூலகர் கருவியின் திரையைப் பார்த்தார். உள்ளே 213. வெளியே 213.

இன்று எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. அவர்தான் இன்னும் உள்ளே நின்றுகொண்டிருந்தார்.