முதலைப் படத்துப் பையன்

முதலை ரப்பர்தான். இப்போது பார்த்தால் வயிற்றுப் பக்கத்துத் தையல்கூடத் தெரிகிறது.

அவள் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, டிவியில் ஓடும் படத்தை எடை போட்டுக்கொண்டிருந்தாள். முப்பது வருஷத்துக்கு முன்னால் தமிழ் பேசி வந்து நூறு நாள் ஓடிய வெளிநாட்டுப் படம். ஜனங்கள் காலைத் தூக்கி சீட்டின் மேல் வைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

"இதுக்காம்மா எல்லாரும் பயந்தாங்க?" என்றாள் மகள் மதுமிதா. அவள் மடியில் பொரிக் கிண்ணம். இந்தப் படத்தை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

ரத்தம் தக்காளிச் சட்னி நிறத்தில் இருந்தது. கதாநாயகன் ஓட வேண்டிய நேரத்தில் நின்று வசனம் பேசினான். பத்துக்கு மூன்று மார்க் போடலாம், அதுவும் ஏரிக்காக.

ஏரிக்கரையில் ஒரு பையன் வந்தான்.

அவன் குரல் அம்மாவுடையது.

டப்பிங்கில் சின்னப் பையன்களுக்கெல்லாம் பெண்கள்தான் பேசுவார்கள். பெயர் போட மாட்டார்கள். பையன் தண்ணீரில் தத்தளிக்கும்போது இவள் ஒரு வாய்த் தண்ணீரை வைத்துக் கொப்பளித்தபடியே பேசினாள். அலறல்களை மட்டும் கடைசியில் எடுத்தார்கள். முதலிலேயே கத்தினால் தொண்டை கட்டிவிடும், மீதி வசனத்துக்கு எங்கே போவது?

நாளைக் காலை ஆறு மணிக்கு அவள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.

தொண்டையில் புற்று. குரல்வளையை எடுத்துவிடப் போகிறார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகாது, பிறகு கருவி வைத்துப் பேசிக்கொள்ளலாம், இந்தக் குரல் மட்டும் வராது என்றார் டாக்டர். அந்த 'மட்டும்' மேல் அவளுக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

காலையில் மதுமிதா போனை நீட்டி, எதாவது பேசும்மா, பதிவு பண்ணிக்கிறேன் என்றாள். இவளுக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை. ஆயிரம் வசனம் பேசிய வாய். கடைசியில், "உளுந்து ஊறப்போடு" என்றாள்.

அதுவும் கரகரவென்றுதான் வந்தது.

திரையில் பையன் பேசிக்கொண்டே இருந்தான். கணீரென்ற குரல். இவ்வளவு நன்றாகவா பேசினோம் என்று அவளுக்கே பொறாமையாக இருந்தது.

படகு கவிழ்ந்தது. ரப்பர் வாய் திறந்தது.

"அம்மா!"

மதுமிதா பொரி மெல்லுவதை நிறுத்தினாள்.

"அவனுக்குத்தான் அம்மாவே இல்லையே? அப்பாகூடத்தானே வந்தான்?"

"அப்பான்னுதான் எழுதியிருந்தாங்க. வாய் தவறிடுச்சு."

சவுண்டு இன்ஜினியர் திரும்ப எடுக்கவில்லை. இருக்கட்டும் விடுங்க, விசில் சத்தத்துல எவனுக்குக் கேக்கப்போவுது என்றார். சொன்னபடியே நூறு நாளும் எவனுக்கும் கேட்கவில்லை.

மகள் ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டினாள். படகு மறுபடி கவிழ்ந்தது.

"அம்மா!"

இன்னொரு தடவை ஓட்டினாள். பிறகு ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டாள். படம் அது பாட்டுக்கு ஓடியது. முதலை செத்து மிதந்தது. கரையில் எல்லாரும் கம்பளி போர்த்திக்கொண்டு சிரித்தார்கள்.

பொரிக் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு மதுமிதா நகர்ந்து வந்து, அவள் தோளில் தலையைச் சாய்த்தாள்.

"பயமா இருக்கும்மா."

பத்து நாளாக வந்தவர் போனவரிடமெல்லாம் தனக்குப் பயமில்லை என்றே அவள் சொல்லி வந்தாள். டாக்டரிடமும் அப்படித்தான்.

"எனக்குந்தான்டி" என்றாள்.

டிவி சத்தத்தை முழுக்கக் குறைத்தாள். சாயங்காலம் மணி நாலுதான் ஆகியிருந்தது.

பேச ஆரம்பித்தாள்.