பதினைந்து சதவீதம்

“இறங்குங்க லாயிட். நீங்க மேல வரலை.”

குதிரையின் அங்கவடியில் ஒரு காலை வைத்திருந்த லாயிட் அப்படியே நின்றார்.

சொன்னவர் வெர்லின். மொன்டானா மலையில் எல்க் மான் வேட்டைக்கு முகாம் நடத்துகிறவர். முகாமுக்கு இங்கிருந்து பதினெட்டு மைல், குதிரையில் ஏழு மணி நேரம். கோவேறு கழுதைகளின் மேல் மூட்டைகூட ஏற்றியாகிவிட்டது.

“விளையாடறீங்களா? ஒன்பதாயிரம் டாலர் கட்டியிருக்கேன்!”

“நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சிருக்கீங்க. ஃபாரத்துல ஒரு நோயும் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. மேல ஏதாவது ஆச்சுன்னா போன்கூட எடுக்காது. நான் என்ன பண்ணுவேன்?”

லாயிடின் முகம் சிவந்தது. “யார் சொன்னது?”

“யாரோ சொன்னாங்க. விடுங்க.”

“விட முடியாது. மார்லாவுக்குப் போன் போடுங்க.”

மார்லா ஏஜென்ட். லாயிடை இந்த முகாமுக்குப் பிடித்து அனுப்பியவள். வேட்டைக்கு வருகிறவரிடம் ஒரு சென்ட் வாங்க மாட்டாள். கட்டணத்தில் பதினைந்து சதவீதம் வெர்லின்தான் அவளுக்குத் தர வேண்டும். அதுவும் ஆள் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தால்தான்.

அந்தப் பதினைந்தை நினைத்தாலே வெர்லினுக்கு வயிற்றெரிச்சல். பனியில் ஆளைக் கட்டி இழுத்து மலையேற்றுவது இவர். நாற்காலியில் சாய்ந்து போன் பேசுகிறவளுக்குப் பங்கு! இப்போது அவள் என்ன சொல்வாள் என்று கேட்காமலே தெரியும். ‘கொஞ்சம் பார்த்துக் கூட்டிட்டுப் போங்க வெர்லின்’ என்பாள். வேறென்ன சொல்வாள்?

போனை ஸ்பீக்கரில் போட்டார்.

“ஏம்மா மார்லா! எனக்கு ஸ்டென்ட் இருக்குன்னு யாரோ சொன்னாங்களாம், இந்த ஆளு என்னைக் குதிரையில ஏத்த மாட்டேங்கறான். நான் மேல போனாத்தானே உனக்குக் காசு? சொல்லு அவன்கிட்ட!”



அவள் வாயைத் திறப்பதற்குள் லாயிடுக்குச் சட்டென்று ஏதோ உறைத்தது.

“ஜோலீன்! என் பொண்டாட்டிதான் போட்டுக் கொடுத்திருக்கா. அவளை விட்டா வேற யாருக்குத் தெரியும்?”

வெர்லின் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தார்.

“வெளியில மூச்சு விட்டா வீட்டுப் படி மிதிக்க மாட்டேன்னு அவகிட்ட சொல்லிட்டுத்தான் கிளம்பினேன். நாப்பத்தோரு வருஷம் குடும்பம் நடத்தினது போதும். இனிமே அவ யாரோ, நான் யாரோ!”

அவர் சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை. வீம்புக்கே பிறந்தவர் மாதிரி இருந்த அந்த முகத்தைப் பார்க்க வெர்லினுக்கே பயமாக இருந்தது.

“நான்தான் சொன்னேன்” என்றாள் மார்லா.

“என்னது?”

“நான்தான் வெர்லினுக்குச் சொன்னேன் லாயிட். உங்க ஃபாரம் என் கை வழியாத்தானே போச்சு. நோய் இல்லைன்னு எழுதினீங்க, சரி. கீழே மாத்திரை எழுதற இடத்துல, ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை பேரை எழுதி வெச்சிருக்கீங்க. எங்க அண்ணனும் ஸ்டென்ட் வெச்சுக்கிட்டு அதைத்தான் முழுங்கறான்.”

லாயிட் விழித்தார். எழுதினோமா? தினமும் முழுங்குகிற மாத்திரை. கை பாட்டுக்கு எழுதியிருந்தாலும் இருக்கும்.

“கிறுக்கியா நீ? உன் வருமானத்துல நீயே மண்ணைப் போட்டுக்கிறியே!”

“செத்தவங்க அடுத்த வருஷம் புக் பண்ண மாட்டாங்களே.”

“உயிரோட இருக்கிறவனும் பண்ண மாட்டான்! எங்க வேட்டை கிளப்புல எட்டுப் பேர் உன் மூலமாத்தான் வர்றாங்க. இனி ஒருத்தன் வரமாட்டான், பார்த்துக்கோ.”

“சரிங்க.”

துப்பாக்கிப் பெட்டியை வண்டியில் திணித்தார் லாயிட். கதவைத் திறந்தவர் கொஞ்ச நேரம் தயங்கி நின்றார்.

“பாவம் ஜோலீன். தப்பா நினைச்சுட்டேன்” என்று முனகிவிட்டு ஏறினார். வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

வெர்லின் பையிலிருந்து லாயிடின் ஃபாரத்தை எடுத்துப் பிரித்தார். இரண்டு தடவை பார்த்தார்.

“மார்லா, லைன்ல இருக்கியா? மாத்திரை எழுதற இடம் காலியா கிடக்கு.”

“தெரியும்.”

“நேத்து சாயங்காலம் எனக்குப் போன் பண்ணி அழுதது அவர் சம்சாரம். யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு கெஞ்சினாங்க. உனக்கு எப்படித் தெரிஞ்சது?”

“இப்பத்தான். அவர் கத்தினப்போ.”

“கமிஷனும் போச்சு, எட்டு ஆளும் போச்சு. எதுக்கு இதை உன் தலையில இழுத்துப் போட்டுக்கிட்டே?”

“அவர் திரும்பிப் போற வீட்டுல நானா இருக்கேன் வெர்லின்? அந்தம்மாதானே இருக்காங்க.”