கறுப்புப் புள்ளிகள்

"யாழ்ப்பாணம் போய்த் திரும்பவும் வயிறு பாக்கிற குழாய் விழுங்கவேணும்" என்று டொக்டர் சொன்னதும் யாகப்பருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெறும் வயிற்றோடு பேசாலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்து, குமட்டக் குமட்ட விழுங்கியதெல்லாம் வீணா?

"ஏன்? என்ர வயித்தில என்ன?"

"வயிறே தெரியேல்லை ஐயா. குழாய்க்குள்ள நூல் மாதிரிக் கண்ணாடி இழையள் கிடக்கு. ஒவ்வொண்டும் படத்தில ஒரு புள்ளியக் கொண்டுவரும். முறிஞ்சா அந்த இடம் கறுப்பு. தொங்கவிட்டிருந்ததை ஆரோ போன கிழமை இறுக்கிச் சுருட்டிக் கட்டிப்போட்டினம். பாதி முறிஞ்சுபோச்சு."

"எந்த மடையன்? கூட்டிக்கொண்டு வாங்கோ, கேக்கிறன்!"

காலையில் குழாயிலிருந்து அவிழ்த்த நைலோன் நூலை நேர்ஸ் கிறேஸ் எடுத்துக் காட்டினாள்.

போன கிழமை சோதனைக்குத் திகதி எடுக்க வந்து காத்திருந்தபோது, கேட்பாரற்றுத் தொங்கிய குழாயை வலைக்கயிறு போல வடிவாகச் சுருட்டி, மடியிலிருந்த வலைநூலால் தான் போட்ட முடிச்சு யாகப்பருக்குத் தெரியாதா?

"யாழ்ப்பாணத்துக்கு எப்ப பஸ், பிள்ளை?" என்றார்.