சேலைகளுக்கு ஒதுக்கிய இடம்

பட்டுக்கடை அதிபர் வைத்தியலிங்கம், மூளையில் முகங்களுக்கென்று இருந்த இடத்தை அறுவை சிகிச்சையில் காலிசெய்து சேலைகளுக்குக் கொடுத்துவிட்டார். பார்த்த சேலையை மறக்காத ‘பட்டுப் பேரறிஞர்’ என்று தெருத்தெருவாகப் போஸ்டர். மனைவியைக்கூடச் சேலையை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். மகள் பூங்கோதைக்கு அதெல்லாம் பழகிவிட்டது.

அம்மா இறந்த அன்று, தாய்மாமன் பிறந்தவீட்டுக் கோடிச் சேலையைக் கொண்டுவந்து உடல்மேல் போர்த்தினார். முகம் திறந்துதான் இருந்தது. கடையிலிருந்து கதறிக்கொண்டு ஓடிவந்த அப்பா, குனிந்து முந்தானையைத் தடவினார். அழுகை சட்டென்று நின்றது.

“கலப்பு ஜரிகை. நம்ம கடைச் சரக்கே இல்ல. யாரு பூங்கோத இந்தம்மா? உங்கம்மாவ எங்க வச்சிருக்கீங்க?”

ஒப்பாரியும் நின்றுபோனது. கூடியிருந்த பெண்களின் சேலைகளில் பேரறிஞர் தன் மனைவியைத் தேட ஆரம்பித்தார்.